இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்

டிராயருக்குள் இருந்த கல் சூடாக இருந்தது.

அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பூமிக்கடியில் இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர் ஆழத்திலிருந்து துளைபோட்டு எடுத்து மூன்று வாரமாகிவிட்ட கல் அது. மணிக்கட்டுத் தடிமனில், முழ நீளத்தில் ஓர் உருளை. நடுவே வெள்ளைப் பளிங்குக் கோடு, அதற்குள் வெறுங்கண்ணுக்கே தெரிகிற தங்கப் பொடி. முந்தின நாள்தான், தங்கையின் துளையில் வந்த கற்களை ஆழ வரிசைப்படி முனையோடு முனை அடுக்கிய பெட்டியிலிருந்து எடுத்து இங்கே வைத்துப் பூட்டியிருந்தாள். அது இருந்த இடத்தில் வேறொரு துளையிலிருந்து வந்த ஒன்றுமில்லாத கல்லைச் செருகியிருந்தாள்.

நாளைக் காலை, தங்கம் தேடும் கம்பெனியின் தலைமை அலுவலகத்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கண்முன்னாலேயே அந்தக் கல்லை நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பெட்டியில் தங்கம் இருக்காது. தங்கையின் முகத்தில் ஈயாடாது. அதைப் பார்த்துவிட வேண்டும். பதினான்கு வருடம் இந்தத் தகரக் கொட்டகையில் கல் கழுவி, கல் அளந்து, கல்லைப் பற்றியே எழுதித் தேய்ந்தவள் அக்கா. அவளே கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேலையில் சேர்த்த தங்கை, "இங்க போட்டுப் பாக்கலாமேக்கா" என்று விளையாட்டாய்க் காட்டிய இடத்தில், முதல் துளையிலேயே தங்கம். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

"இன்னும் கிளம்பலையாக்கா?" தங்கை வாசலில் குடையோடு நின்றாள். "இந்தா, உன் பித்தவெடிப்புக்குக் களிம்பு. ஒழுங்கா தடவு, சொல்லிட்டேன்."

"வச்சிட்டுப் போ."

"என்னக்கா இது, அழுகின முட்டை நாத்தம்?"

"மழைத்தண்ணி எங்கயாவது தேங்கியிருக்கும்."

"சரி. நாளைக்கு அந்தப் பெட்டிய நீதான் தொறந்து காட்டணும். நீ இல்லேன்னா எனக்குப் பேச்சே வராது."

அந்த நல்ல மனசுதான் அக்காவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை போனபிறகு தகரக்கூரையில் மழை மட்டும் இரைந்தது. நாற்றம் கூடியது. அது கந்தகம் என்று அக்காவுக்குத் தெரியும். தங்கம் தனியாகத் தண்ணீரில் கரையாது. ஆழத்துச் சுடுதண்ணீரில் கந்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பாறை விரிசல் வழியே மேலே ஏறும். விரிசல் சட்டென்று அகன்றால் அழுத்தம் குறைந்து தண்ணீர் கொதிக்கும், கந்தகம் ஆவியாய்க் கழன்றுவிடும். துணை போனதும் தங்கம் நின்ற இடத்திலேயே படிந்துவிடும். விரிசலின் இரண்டு சுவரிலிருந்தும் பளிங்கு வளர்ந்து, நடுவில் சந்தித்து, மூடிக்கொள்ளும். தங்கைக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

ஆனால் அதெல்லாம் பூமிக்குள். காய்ந்துபோன டிராயருக்குள் இல்லை.

கொட்டகைக் கோடியில் ஏதோ சீறியது. வெந்நீர்ப் பாத்திரம் கொதிக்கத் தொடங்கும்போது வருகிற சத்தம். தங்கையின் பெட்டி இருக்கும் பக்கம்.

குதிகால் விண்விண்ணென்று தெறித்ததால் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நடந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர் பெட்டி திறந்திருந்தது. அவள் செருகிய கல் தூள்தூளாகக் கிடந்தது. அந்த இடம் காலி. இரண்டு பக்கமும் உடைந்த கல் முனைகள் ஈரமாக, ஆவி விட்டுக்கொண்டு. தமக்குப் பொருந்துகிற கல்லைக் கேட்பதுபோல.

காலில் சுருக்கென்றது. குனிந்தாள்.

பித்தவெடிப்புக்குள் வெள்ளையாய் ஏதோ. களிம்பு இல்லை. இன்னும் தடவவே இல்லையே. நகத்தால் சுரண்டினாள். நகம் உடைந்தது.

இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்துகொண்டிருந்தது. நடுவை நோக்கி. பிறகு கணுக்கால். முழங்கால். சூடு. தங்கையைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே நின்றது.

பல்லிடுக்கெல்லாம் கல்.

கண்ணுக்கு நேரே கூரைத் தகரம். காலை வெயில். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பெட்டியின் உடைந்த கல் முனைகள் பல் வரிசைபோல் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. அசைய முடியவில்லை. மேலே வட்டமாக முகங்கள்.

"இவ்வளவு தங்கமா!" என்றது ஒரு குரல். "இந்த ஒரு கல்லு போதும்மா, உங்க பேரைச் சொல்ல."

தங்கை தெளிப்பானை எடுத்துத் தண்ணீர் அடித்தாள். அக்காவின் கண்ணில் விழுந்தது. இமைக்க இமை இல்லை.

"எங்கக்காதான் தொறந்து காட்டுறதா இருந்துச்சு சார். செருப்பு கிடக்கு, ஆளக் காணோம். பாத்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பா."

இங்கேதான்டீ இருக்கேன். இங்கேதான்.

தங்கை கல்லைக் கையில் எடுத்தாள். சூடு பட்டதும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நெற்றி, மூக்கு, நெஞ்சு வழியாக, நேராக ஒரு கோடு போட்டாள்.

அறுக்கும் இயந்திரம் சுற்றத் தொடங்கியது.