மணியை அடக்கிய குரல்

பிற்பகல் அசர் தொழுகைக்கான பாங்கு சொல்லி முடிகிற நேரத்தில்தான் ஷஃபீனா கண் விழித்தாள். அதற்கு வெகு முன்பே அவளை எழுப்பியிருக்க வேண்டிய கணினி, எதிர்ச்சுவரோரம் மேசை மீது மெல்ல இரைந்துகொண்டிருந்தது. திரையின் மூலையில் கொண்டை ஒரு பக்கம் சரிந்த சேவல் படம். அதன் கீழே பச்சை எழுத்தில் 'எழுந்தாச்சு' என்று இருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக மருத்துவமனை பில்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. காரைக்காலில் வீட்டிலிருந்தபடியே செய்யலாம். விடியும் முன் உட்கார்ந்தால் நண்பகலுக்குள் பாதி முடியும், மறுபாதி மாலையில். நடுவே லுஹர் தொழுது, சாப்பிட்டு, மர ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படுப்பாள். கைபேசி அலாரத்தைத் தூக்கத்திலேயே தட்டி அணைத்துவிடும் பழக்கம் அவளுக்கு. ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் கணவன் நூர் அகமதுதான் வழி சொன்னான். எதிர்வீட்டு இஃபாத் கம்ப்யூட்டரில் ஓடுகிற அலாரம் ஒன்று எழுதியிருக்கிறான், அதைப் போட்டுக்கொள் என்றான்.

இஃபாத் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளன். சின்னச் சின்னதாக ஏதாவது மென்பொருள் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டு வைப்பது அவன் பொழுதுபோக்கு. அலாரத்துக்குத் தன் சைக்கிள் மணியையே பதிவு செய்திருந்தான். சேவலையும் அவனே வரைந்திருந்தான், அது பார்த்தாலே தெரியும்.

அன்று மாலை அவனுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, ஒன் சேவல் சீக்கு வந்து படுத்துருச்சு."

"என்ன லாத்தா, நல்லாத்தானே தீனி போட்டு வச்சிருக்கேன்."

"மணியே அடிக்கல. ஆனா எழுந்தாச்சுன்னு போட்டிருக்கு."

"அடிச்சிருக்கும். அடிச்சிட்டு மைக்குல காது குடுத்துக் கேக்கும். கட்டில் சத்தம், இருமல், பேச்சு, ஏதாச்சும் கேட்டாத்தான் ஆளு எந்திரிச்சாச்சுன்னு அடங்கும். கேக்கலேன்னா இன்னும் சத்தமா அடிக்கும்."

"நான் அசையவே இல்லயே."

"தூக்கத்துல பேசியிருப்பீங்க. முழிச்சிருக்கறப்பவே ஒங்க வாய் ஓயாது, தூங்குறப்ப மட்டும் லீவு விட்டுருமா?"

அவள் சிரித்தாள். இஃபாத்தோடு பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் மறுநாளும் அப்படியே நடந்தது. பிறகு இன்னொரு நாள், அப்புறம் வாரத்தில் பாதி நாள். அரசலாற்றுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று ஜன்னல் இடுக்குகளில் நுழைந்து திரைச்சீலையை மெல்ல உப்பச் செய்வதையும், சட்டங்களுக்கு நடுவே விழுந்த வெயில் சுவரில் கோடு கோடாக ஏறி மங்குவதையும், எங்கோ ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடி நிற்பதையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் அவள் படுத்திருப்பாள். அறைக்குள் யாரோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, தான் கண் திறந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டதுபோல ஓர் அமைதி அப்போது இருக்கும். தெருவின் அமைதி வேறு, இது வேறு. இதில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை, கட்டிலில் நூர் அகமது படுக்கும் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தாள். விரிப்பு வெதுவெதுப்பாக இருந்தது. தூக்கத்தில் தானே உருண்டு போயிருப்போம் என்று சொல்லிக்கொண்டாள். தலையணையைத் தட்டிப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்வதற்கு நூர் அகமதுதான் இருந்தான். அவனோ இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதில்லை. என்ன மீன் வாங்கினாய், கடைக்காரன் ஏமாற்றினானா என்று மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவன், இரண்டு வார்த்தையில் முடித்தான். அவளைத் தன்னோடு அழைத்துக்கொள்ள விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தான். நாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் சேர்ந்திருந்தது சில மாதங்கள்தான். அந்த விசா ஒன்றை நம்பித்தான் அவள் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"விசா என்னாச்சு மச்சான்?"

"பாப்போம்." பிறகு, "மத்தியானம் படுக்குறப்ப வாசக் கதவத் தாப்பாப் போடுறியா?" என்றான்.

"போடாம?"

"போடு, போடாத. கேட்டேன், அவ்ளோதான்."

அதற்கு அடுத்த நாள், இரண்டு தெரு தள்ளி மூத்த மகனோடு இருக்கும் மாமியார் ஆஸியா பீவி, படுக்கிற நேரம் பார்த்து வந்தார். மோர் கொடுத்தாள், குடிக்கவில்லை. வீட்டின் ஒவ்வோர் அறையையும், கொல்லைப்புறக் குளியலறையையும்கூட எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படியில் வந்து நின்றார்.

"ரெண்டு டம்ளர் கெடக்கு."

"நாந்தான் மாமி. ரெண்டு தடவ டீ குடிச்சேன்."

"ம். ஒரே வாய்தான், டம்ளர்தான் ரெண்டு."

ஷஃபீனாவுக்கு முகம் சுட்டது. ஏன் சுடுகிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நூர் அகமது தானாகவே கூப்பிட்டான். சலாம் சொல்லவில்லை.

"அந்த ஆளு யாரு?"

"எந்த ஆளு?"

"மத்தியானம் ஒன்கிட்ட வர்ற ஆளு. நடிக்காத ஷஃபீனா. நான் ஒரு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். இங்க வெயில்ல நின்னுக்கிட்டு, காதுல வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

போன் அறுந்தது. அடுத்த கணம் அவன் அனுப்பிய ஒலிப்பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றின் பெயரோடும் கொண்டை சரிந்த அந்தச் சேவல்.

இஃபாத் உடனே எடுக்கவில்லை. எடுத்தபோது அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"நூர் நானாதான் கேட்டாங்க லாத்தா. நீங்க எந்திரிக்கிற சத்தம் கேட்டா மனசுக்கு நிம்மதியா இருக்கும்னாங்க. மணியடிச்சதுலேருந்து மைக்குல கேக்குறத அவங்களுக்கு அனுப்புற மாதிரி செஞ்சு குடுத்தேன். மத்தவங்களுக்குக் குடுக்குறதுல அதெல்லாம் கெடையாது. ஒங்க கம்ப்யூட்டர்ல மட்டுந்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வேணாம்னாங்க."

"தூக்கத்துல பேசியிருப்பேன்னு சொன்னியே. அன்னைக்கும் ஒனக்குத் தெரியும்."

அவள் போனை வைத்தாள். நிம்மதி. அந்தச் சொல்லை நினைத்துப் பார்த்தாள். கண் விழித்ததும் தலையணையில் முகம் புதைத்து அழுத நாட்கள், பாட்டு முணுமுணுத்த நாட்கள், 'சரி சரி, கத்தாதே' என்று சேவலைச் செல்லமாகத் திட்டிய நாட்கள், எல்லாவற்றையும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் காதில் வைத்துக் கேட்டிருக்கிறான். தன் புருஷன் என்பதால் அந்தக் கூச்சம் குறைந்துபோகவில்லை. கூடியது. உடுத்தியிருந்த துணியை யாரோ உருவிக்கொண்டு போனதுபோல அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். வரவில்லை. வெளியே பூட்டு தொங்கி ஆடும் ஓசை.

"மாமி?"

"ஒன் வாப்பாவக் கூட்டியார திருப்பட்டினத்துக்கு ஆளு போயிருக்கு." ஆஸியா பீவியின் குரல் கதவுக்கு மிக அருகில் இருந்தது. அழுதிருந்தார்போல. "அவரு வர்ற வரைக்கும் உள்ளயே இரு. என் புள்ள சொல்லிட்டான். எனக்கும் மனசு கேக்கலதான்."

"நான் ஒண்ணும் பண்ணல மாமி."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. கொல்லைக் கதவையும் போய்த் தள்ளிப் பார்த்தாள். அதற்கும் வெளியே பூட்டுத்தான்.

அவள் அறைக்குத் திரும்பிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முதல் பதிவைத் தட்டினாள். சைக்கிள் மணி. பிறகு மின்விசிறியின் இரைச்சல், அதற்குள் ஒரு மூச்சு, சீராக, ஆழமாக. அவள்தான் தூங்குகிறாள். கட்டில் மெல்லக் கிறீச்சிட்டது. அப்புறம் ஓர் ஆணின் குரல், மைக்கை நோக்கி அல்ல, மணியை நோக்கிச் சொல்வதுபோல, தணிந்து:

"தூங்கட்டும் அவ. எழுப்பாத."

பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். 'எழுப்பாத' என்பதில் கடைசி எழுத்தை விழுங்கிவிடும் பழக்கம், அதற்கு முன் தொண்டையைச் செருமும் சின்ன ஒலி. இன்னொரு பதிவைத் தட்டினாள். இன்னொன்றை. எல்லாவற்றிலும் அதே குரல்.

நூர் அகமதுவின் குரல்.

அவனுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை ஒருநாளும் திரும்பக் கேட்காதவன் அவன். யாராவது கேட்க வைத்தால், இது நானா, சும்மா இருங்க என்று முகம் சுளிப்பவன். தன் குரலைத்தான் ஒரு மாதமாக வேற்று ஆளென்று கேட்டு வெந்துகொண்டிருந்திருக்கிறான்.

அவள் அவனை அழைத்தாள். அழைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் எடுத்தான்.

"அது ஒங்க குரல் மச்சான்."

"என்னது?"

"நல்லாக் கேளுங்க. நீங்கதான் பேசுறீங்க."

"நான் ஷார்ஜாவுல இருக்கேன்." ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "என்னைய என்ன பைத்தியக்காரன்னு நெனச்சியா?"

"வைக்காதீங்க. அது மணியடிச்சாத்தான் பேசும். இப்பவே மணியடிக்க வக்கிறேன். நீங்க லைன்லயே இருங்க, ஒங்க காதாலயே கேளுங்க. அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் செய்ங்க."

அவன் வைக்கவில்லை. அது போதும் என்று இருந்தது அவளுக்கு. கணினியில் அடுத்த நிமிடத்துக்கு அலாரம் வைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மீது வைத்தாள். கதவோரம் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். விளக்குப் போட மறந்திருந்தாள். மஃரிப் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கோடுகள் சிவந்து, பழுத்து, கறுத்தன. கட்டிலின் கால்கள் தெரியவில்லை. விரிப்பின் வெள்ளை மட்டும் மிதந்தது.

மணி அடித்தது.

நின்றது.

மின்விசிறி. போனில் நூர் அகமதுவின் மூச்சு. தெருவில் ஒன்றுமில்லை.

கட்டில் கிறீச்சிட்டது.

ஒரு பெண் பேசினாள்.

"மச்சான்."

யாரென்று ஷஃபீனாவுக்குத் தெரியவில்லை. மூக்கடைத்ததுபோல மெல்லிய குரல். அவள் நினைத்துப் பார்க்கக்கூடிய எந்தப் பெண்ணின் குரலும் இல்லை. கட்டில் இருந்த இடத்திலிருந்து வந்தது.

"நீங்க கேட்டது நெசந்தான் மச்சான். ஒங்ககிட்ட மறச்சிட்டேன். ஆளு வர்றது உண்மதான்."

போனில் மூச்சு நின்றது. பிறகு அவன் பேசினான். களைத்துப்போயிருந்தான்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே, ஷஃபீனா."

தன் பெயரைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. தன் குரல் வெளியே இப்படித்தான் ஒலிக்கும்.

"அது நான் இல்ல!" என்று கத்தினாள். "மச்சான், நான் இங்க நிக்கிறேன். அது நான் இல்ல."

"அதுவும் நீதான், இதுவும் நீதான்." அவன் அழுதான். "போதும். விசாவ நிறுத்திட்டேன். இனி கூப்பிடாத."

போனின் வெளிச்சம் அணைந்தது.

அவள் மேசைக்குப் போகவில்லை. இருட்டு கண்ணுக்குப் பழகியது. பழகாமல் இருந்திருக்கலாம். விரிப்பு இரண்டு இடங்களில் அழுந்தியிருந்தது. அவள் படுக்கும் பக்கம் ஒரு பள்ளம், அவன் படுக்கும் பக்கம் ஒன்று. இரண்டிலும் யாரும் இல்லை. இரண்டும் மெல்ல ஏறி இறங்கின. மூச்சு விடுவதுபோல.

"அழுவாத," என்றது ஆண்குரல். கல்யாணமான புதிதில் நூர் அகமது பேசிய குரல். இந்த ஒரு மாதமாக அவள் போனில் தேடித் தேடிக் கேட்காமல் போன குரல். "அவரு போயிட்டாரு. வா புள்ள."

அறைக் கதவில் முதுகு முட்டியது. அதைத் திறந்து ஓடினாலும் வாசலில் பூட்டுத்தான்.

பள்ளங்கள் இரண்டும் நகர்ந்தன. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். நடுவில் இடம் விழுந்தது. ஓர் ஆள் படுக்கிற இடம். போர்வையின் ஓரம் தானாக மேலே எழுந்து, அவள் வந்து படுப்பதற்காக, அப்படியே உயர்ந்து நின்றது.