தயக்கமானி

பலகையில் ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கள். இடது ஓரத்தில் வெளியேறும் காய் வலது ஓரத்தில் உள்ளே வரும். இன்றைய குதிரை மூன்று கட்டம் நேராகப் போய் ஒன்று பக்கவாட்டில் தாவும். விதிகளைப் படிக்க இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். வடிவுக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. அவளுடைய பிரச்சினையே அதுதான்.

பிரதியர் என்ற இயந்திரங்கள் ரத்தம் முதல் ரேகை வரை மனிதரை நகலெடுத்த பிறகு, ஆளை அடையாளம் காண இந்தச் சோதனைதான் மிஞ்சியது. புது விதியைச் சொன்ன நொடியே பிரதியர் பழையதை விட்டுவிடுவார்கள். பள்ளியில் சதுரங்கத்தைக் கட்டாயப் பாடமாகப் படித்த மனிதர்களின் கை மட்டும் ‘ட’ போலத் தாவும் பழைய குதிரையின் கட்டத்தை நோக்கிப் போய், பாதியில் நிற்கும். அந்தக் கால் நொடியைப் பலகையின் அடியிலிருந்த தயக்கமானி அளக்கும்.

வடிவு பன்னிரண்டு வருடமாக, ஆட்டத்துக்கு ஆட்டம் குதிரை மாறும் போட்டிகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். ‘ட’ அவள் கையை விட்டு எப்போதோ போய்விட்டது. இரண்டு முறை தோற்றாயிற்று. இன்றும் தவறினால் மனிதச் சான்று ரத்து. பிரதியர் தாயாக இருக்கச் சட்டத்தில் இடமில்லை. அவள் தத்தெடுத்த ஆறு வயது யாழிசை, வெளியே காப்பக ஊழியரோடு உட்கார்ந்திருந்தாள்.

“ரொம்ப நல்லா ஆடுறீங்கம்மா,” என்றார் எதிரே ஆடிய சோதகர் ஜெபமணி. “அதான் கவலையா இருக்கு.”

“வேணும்னே தப்பா வைக்கட்டுமா சார்?”

“போன தடவை வெச்சுப் பாத்தீங்களே. நீங்க நடிக்கிறது எனக்கே தெரிஞ்சுது. மானிக்குத் தெரியாதா?”

இருபது நகர்த்தல்கள் முடிந்தன. ஒரு தயக்கமும் இல்லை. ஜெபமணியின் யானை அவள் ராஜாவைத் தாக்கியது. கதவுக்கு வெளியே யாழிசை, “அம்மா எப்ப வருவாங்க?” என்று யாரையோ கேட்பது காதில் விழுந்தது. வடிவு குதிரையை எடுத்தாள். மூன்று கட்டம் நேராக, இரண்டு பக்கவாட்டில்.

கை அந்தரத்தில் நின்றது. அது சென்ற மாதச் சோதனையின் குதிரை. அவள் நினைத்துச் செய்யவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

திரை சிவந்தது. ‘பழக்கப் பிழை இல்லை. காரணமற்ற பிழை. பிரதியர்.’

“சார், அது போன மாசக் குதிரை. நிஜமாவே கை போயிடுச்சு.”

“தெரியும்மா. அன்னைக்கும் நான்தானே எதிர்ல இருந்தேன்.”

“அப்போ அதை எழுதுங்க.”

ஜெபமணி காய்களை அடுக்கத் தொடங்கினார். “மானிக்குத் தெரிஞ்சது ‘ட’ங்கிற அந்த ஒரே ஒரு தப்புதான். போன வருசம் ஒருத்தருக்காக இப்படி எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே என்னை உங்க நாற்காலியில உட்கார வெச்சுட்டாங்க.”

“பாஸாயிட்டீங்களா?”

“எங்க? தினம் ஒரு குதிரை ஆடி எனக்கும் ‘ட’ மறந்து போச்சு. அப்புறம் கோச்சிங் போய்த்தான் பாஸானேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஒரு தாளில் முகவரியைக் கிறுக்கி நீட்டினார்.

“மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் பிள்ளை காப்பகத்துல இருக்கட்டும். ஒரு மாசம் போனா ‘ட’ வந்துரும், தயக்கத்தோட.”

“யார் சொல்லித் தர்றாங்க?”

ஜெபமணி குரலைத் தாழ்த்தினார். “ஒரு பிரதியர். மனுசன் எப்படித் தடுமாறுவான்னு அவருக்கு அத்துப்படி. அவர்கிட்ட மனிதச் சான்றுகூட இருக்கு.”

வாசலில் காப்பக வண்டி கிளம்பியது. வடிவு தாளை மடித்தாள்.

“வகுப்பு எத்தனை மணிக்கு சார்?”