மூன்று மாஸ்க்கும் ஒரே ஓர் இடமும்

ரிலே அணியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. அதற்குப் போட்டி போட்டவர்கள் இரண்டு பேர்: டின்சி, சிஞ்சு. ஏலக்காய் ஏலம் நடக்கும் மலையூர் வண்டன்மேட்டில் ஆறாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. திங்கட்கிழமை இருவரையும் ஓடவிட்டு, ஜெயிப்பவளைச் சேர்ப்பதாக விளையாட்டு ஆசிரியர் பாண்டீஸ்வரன் சார் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மாலை மைதானத்தில் சிஞ்சு ஓடிக்கொண்டிருந்தாள். முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மாஸ்க்.

"என்னடி, காய்ச்சலா?" என்றாள் டின்சி.

சிஞ்சுவுக்குப் பேச மூச்சில்லை. அவள் அண்ணன் ரிஜின்தான் பேசினான். செல்போனில் இரண்டு வீடியோ பார்த்ததிலிருந்து அவன் பயிற்சியாளர்.

"மலையில காத்து கம்மி. இங்க ஓடினா கால் சதை உரமேறும்னு கீழ இருந்து ஓட்டக்காரங்க காசு கட்டி வர்றாங்க. நமக்கு அது ஓசி. மூக்கையும் கொஞ்சம் அடைச்சா டபுள் லாபம். பத்து நாளா நடக்குது."

டின்சிக்குக் கவலை வந்தது. பத்து நாள் உரமேறிய காலோடு எப்படிப் போட்டி போடுவது?

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் ஏற்றத்தில் சிஞ்சு மூன்று இடத்தில் நின்றாள்.

"தொடை நடுங்குதுடி. நேத்து கண்ணு இருட்டிட்டு வந்துச்சு."

"உங்க அண்ணன்ட்ட சொன்னியா?"

"அது சதை வளர்ற அடையாளமாம்."

போன மாதம் இதே ஏற்றத்தில் சிஞ்சு முயல் மாதிரி ஓடினாள். இப்போது? டின்சிக்கு விஷயம் புரிந்துவிட்டது: மாஸ்க் காலை வளர்க்கவில்லை, வாட்டுகிறது. பேசாமல் இருந்தால் போதும், இடம் அவளுக்கு. ஏலக்கூடத்து வியாபாரி எவனும், லாபம் தானாக வரும் இந்த நேரத்தில் வாயைத் திறக்க மாட்டான்.

டின்சியும் இரண்டு பீரியட் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் சிஞ்சு வெளுத்த உதட்டோடு பெஞ்சில் தலையைச் சாய்த்திருந்தாள். மயங்கி விழுந்துவிட்டால்?

மாலையில் மைதானத்தில் டின்சி ரிஜினை நிறுத்தினாள்.

"சாம்பிள் பாக்காம யாராவது ஏலக்கா வாங்குவாங்களா அண்ணே? மூணையும் நீங்க மாட்டிக்கிட்டு ஒரு சுத்து ஓடுங்க."

"ஒண்ணென்ன, ரெண்டு ஓடுறேன்."

பாதிச் சுற்றில் அவன் நின்று மாஸ்க்கைப் பிடுங்கினான்.

"ஏன் மெதுவாப் போனீங்க?"

"மூச்சு முட்டுது. பின்ன எப்படி வேகமாப் போறது?"

"மெதுவாப் போற காலுக்கு வேலையே கம்மி. அதுக்கு எப்படி உரமேறும்?"

ரிஜின் மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை வீடியோவில சொல்லலை."

பக்கத்தில் நின்ற சிஞ்சு டின்சியின் கையைப் பிடித்தாள். "நான் தோத்தா இடம் உனக்குத்தானடி?"

"தெரியும். ரெண்டு பீரியடா அதைத்தான் யோசிச்சேன். ரெண்டு நாள் ஓடாம நல்லாச் சாப்பிட்டுத் தூங்கு. அப்புறமும் கண்ணு இருட்டினா சார்ட்ட சொல்லிருவேன்."

திங்கட்கிழமை விசில் ஒலித்தது. டின்சி உயிரைக் கொடுத்து ஓடினாள். ஆனாலும் சிஞ்சு ஓர் எட்டு முன்னால் கோட்டைத் தாண்டினாள்.

சார் பெயரை எழுதிக்கொண்டார். "டின்சி, நீ ரிசர்வ். இவளுக்கு முடியாமப் போனா நீ ஓடணும்."

டின்சி சிஞ்சுவை உற்றுப் பார்த்தாள். உதடு சிவந்திருந்தது. கால் நடுங்கவில்லை.

"அதெல்லாம் முடியாமப் போகாது சார். நான் பாத்துக்கிறேன்."