கறுப்புக் காகிதம் சுற்றிய பாட்டில்

காவ்யாவின் தலையை அலசுத் தொட்டித் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தபடி நூறு வரை எண்ணினான் ஜெகநாதன்.

எழுபதில் அவள் இடது கை பின்னால் எழும்பி அவன் கன்னத்தைக் கவ்வியது. ஈரக் கை.

எண்பதில் நழுவியது.

நூறில்... முடிந்தது.

இழுபறியில் அவள் இடது கையிலிருந்த பாட்டில் உடைந்திருந்தது. வெள்ளி உப்புக் கரைசல். தண்ணீர் போலவே இருக்கும். தரையைத் துடைத்தான், சோப்புப் போட்டு முகம் கழுவினான், வீட்டுக்குப் போய்க் காபி குடித்தான்.

ஆரணியில் அவனுடையது பட்டுச் சாயப்பட்டறை. காவ்யா அங்கே வேதியியல்காரி. அந்தக் கரைசலில் நொச்சி இலைச் சாறு ஊற்றினால் போதும், சாறே வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிரித்துவிடும். திரவம் தேன் நிறமாகும். அதில் நனைத்த பட்டில் பூஞ்சை ஏறாது. விஷ ரசாயனம் கிடையாது, கழிவும் இல்லை.

பேட்டன்ட்டில் தன் பெயரும் வேண்டும் என்றாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அவள் விளக்கம் சொல்ல வந்தபோதெல்லாம் அவன் கேட்டதில்லை.

"இன்னாம்மா, பாட்டிலுக்குக் கோட்டு போட்டுகினு இருக்க?" என்று பாட்டிலைச் சுற்றியிருந்த கறுப்புக் காகிதத்தைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

காலை ஏழு மணிக்கு உதவியாளர் பரிமளா வந்தாள். அலறினாள்.

இன்ஸ்பெக்டர் ஆதிலட்சுமி வந்தார்.

"வழுக்கி உழுந்துட்டா போல மேடம்... நான் வந்தப்பவே பொணம். கிட்டகூடப் போகல," என்றான் ஜெகநாதன்.

சாயம் வெளுக்காதிருக்க, நிழலிலேயே பட்டு உலர்த்தும் அரை இருட்டுப் பட்டறை. அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

அங்கேயே நின்றிருந்தால் பிழைத்திருப்பான். ஊர் பார்க்க அழ வேண்டாமா? வெயிலில் ஆம்புலன்ஸ் பின்னாலேயே நடந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மணி நேரம் மார்பில் அடித்துக்கொண்டான். யாரோ குடை நீட்டினார்கள்.

"என் பொண்ணாட்டம் இருந்தவளே பூட்டா... எனக்கு எதுக்குய்யா நிழலு?"

கூட்டம் வாயடைத்து அவனையே பார்த்தது. உருகிவிட்டார்கள் என்று இன்னும் ஓங்கி அழுதான்.

பரிமளா மட்டும் அழுகையை நிறுத்தினாள். இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னாள்.

ஆதிலட்சுமி மொபைலில் அவனைப் படமெடுத்துக் காட்டினார்.

இடது கன்னத்தில்... ஐந்து விரல்கள். கன்னங்கரேலென்று!

எச்சில் தொட்டுத் தேய்த்தான். போகவில்லை.

"போவாது சார்," என்றாள் பரிமளா. "வெள்ளி உப்பு தோல்ல பட்டா அப்போ ஒண்ணும் தெரியாது. வெளிச்சம் படப்படத்தான் கறுக்கும், வெயில்ல சட்டுனு. தோல் உரியுற வரைக்கும் இருக்கும். காவ்யா அக்கா உங்களுக்குச் சொல்ல வந்துச்சு, நீங்கதான் கேக்கல."

"உள்ள அவங்க இடது கையும் கறுத்துகினு வருது," என்றார் ஆதிலட்சுமி. "கிட்டகூடப் போகலன்னீங்க."

ஜெகநாதன் கன்னத்தைக் கையால் மறைத்தான்.

விலங்கை மாட்டிவிட்டு அவர் சொன்னார்:

"பாட்டிலுக்கு எதுக்குக் கோட்டுன்னு கேட்டீங்களாமே... அந்தக் குடையை வாங்கியிருக்கலாம் சார்."