இருபதாவது கட்டடம்

“படிப்பு முடிஞ்சப்புறம் உனக்கு எத்தனை வருஷம்?” என்று கதிரேசன் கேட்டான்.

“பன்னெண்டு. உங்களுக்கு?”

“எனக்கும் பன்னெண்டுதான். அப்ப ஒண்ணாவே வெளிய போயிடலாம்.”

“நாம எதுக்கு ஒண்ணாப் போகணும்?”

“வழித்துணைக்குத்தான்.”

அரசியும் கதிரேசனும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. காலையில் சுவருக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் அவளுக்கு அது நினைவுக்கு வரும். ‘வழித்துணை’ என்று சொல்லும்போது அவன் முகத்தில் துளி சிரிப்பில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான். அந்த முகத்தைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். பிறகு வீடு வந்தது, மகள் வந்தாள். வெளியே போவது மட்டும் இன்னும் வரவில்லை.

அன்றும் ஐந்தரை மணிக்கே பதினெட்டாம் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் எல்லாமே வளர்கல்லால் ஆனவை. மணலையும் சிப்பித்தூளையும் நுண்ணுயிர்கள் கவ்விக் கல்லாக இறுக்கும். சுவர் மெல்ல மெல்லத் தானே உயரும். ஆனால் அதற்குத் தினமும் வெல்லப்பாகு கலந்த ஊட்டுநீர் வேண்டும். இரண்டு நாள் தவறினால் சுவர் கறுத்துப்போய் வெடித்துவிடும். கைக்குழந்தை மாதிரிதான். குழந்தையாவது ஒரு வயதில் சோறு தின்னும். ஒரு கட்டடம் நிமிர்ந்து நிற்கப் பதினான்கு வருடமாகும், நின்ற பிறகும் பசிக்கும்.

அரசி தாவரவியலில் முதுகலை படித்தவள். பக்கத்துச் சுவருக்கு நீர் காட்டியவர் சோழர் காலக் கடல் வணிகத்தில் முனைவர். இருவரும் பார்த்துக்கொண்டால் பாகு கெட்டியா, தண்ணியா என்று மட்டும்தான் பேசிக்கொள்வார்கள்.

‘இங்கே ஒரு ரூபாயும் கட்டணம் இல்லை’ என்று வாசலில் ஆளுயர எழுத்தில் பொறித்திருந்தது. அது பொய்யில்லை. நாற்பது வருடத்துக்கு முன்பு, பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு இனிப் பணம் தர முடியாது என்று அரசு கைவிரித்தபோது, முந்நூறு ஏக்கர் நிலத்தையும் ஒரு சட்டத்தையும் கொடுத்துவிட்டுப் போனது. படிக்க வருபவர் பணம் தர வேண்டாம். படித்து முடித்ததும் வளாகத்துக்குள்ளேயே இருந்து கட்டடம் வளர்க்க வேண்டும். அதற்குக் ‘கட்டடக் கடமை’ என்று பெயர். கடமை முடியும்வரை வாசலைத் தாண்ட முடியாது. இந்த வேலைக்கு இயந்திரங்கள் இல்லாமல் இல்லை. இயந்திரங்களுக்கு வாடகை உண்டு, மாணவர்களுக்கு இல்லை.

உள்ளேயே இருப்பவர்கள் உள்ளேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கட்டடம் வேண்டும், கட்டடத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டும். இப்போது நிற்கும் பத்தொன்பது கட்டடங்களில் பதினாறு குடியிருப்புகள். வகுப்புகள் இன்றைக்கும் முதல் மூன்று கட்டடங்களில்தான் நடக்கின்றன. வீடு எடுத்ததற்குப் பத்து வருடம், பிள்ளை வளர்த்ததற்குப் பத்து வருடம் என்று ஏறி, கழிவெல்லாம் போக அரசிக்கும் கதிரேசனுக்கும் இன்னும் ஒன்பது வருடம் மீதி இருந்தது.

அன்று கைப்பதிவு நாள். இருபதாவது கட்டடத்துக்கு அன்றுதான் சம்மதம் கேட்கப்போகிறார்கள். புதிய மாணவர்கள் சேரும் நாளும் அதுவே. உள்ளே இருப்பவர்கள் சம்மதிக்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்லியிருந்தது. சம்மதிப்பவர்கள் ஈர வளர்கல்லில் உள்ளங்கையைப் பதிக்க வேண்டும்; அந்தப் பலகைதான் அடித்தளம். கை பதித்தவர்களுக்குக் கடமையில் இரண்டு வருடக் கழிவு. புதுக் கட்டடத்தின் கடமை, அன்று முதல் சேருபவர்களின் தலையில். இதுவரை எந்தக் கட்டடமும் சம்மதம் கிடைக்காமல் நின்றதில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் வெயினி தலை பின்னிக்கொண்டு தயாராக இருந்தாள். இளவெயினி என்று முழுப்பெயர். போன மாதம் பதினெட்டு முடிந்தது. தரையில் ஒரு தட்டு நிறையச் சிப்பித் துணுக்குகள். ஊட்டுத்தூள் மூட்டைகளிலிருந்து பொறுக்கியவை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, இது மணப்பாட்டுப் பக்கம், இது கொஞ்சம் ஆழத்தில் கிடந்தது என்று சொல்வாள். அவள் கடலைப் பார்த்ததில்லை. அறுபது கிலோமீட்டரில் இருந்தது. கடலியல் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. நுழைவுத்தேர்வில் அவள்தான் முதல்.

“அம்மா, உங்க மேலெல்லாம் வெல்ல வாசனை. எறும்பு தூக்கிட்டுப் போயிடப்போகுது.”

“எறும்பாவது வெளிய தூக்கிட்டுப் போகுதா பார்ப்போம்” என்றாள் அரசி.

கதிரேசன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சிரித்தான். “நம்ம வீட்டுல ஒருத்தி கடலைப் பத்திப் படிக்கப்போறா. காலங்காத்தால என்ன பேச்சு இது?”

அரசிக்குத் தொண்டையில் ஒரு சொல் நின்றது. இன்று நேற்று நின்றதில்லை. வெயினிக்குப் பத்து வயதானபோது, இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தை அவள் ராத்திரியும் பகலும் மடியிலேயே வைத்திருந்தாளே, அன்றைக்கு வந்து நின்றது. மகளிடம் அப்படி ஒன்றைக் கேட்ட அம்மா எவளையும் அரசி பார்த்ததில்லை. அரசியின் அம்மா ஓட்டலில் இட்லிப் பானை கழுவிக் கழுவித் தேய்ந்துபோன விரல்களால் அவளை இந்த வாசலில் கொண்டுவந்து விட்டவள். அதனால் ஒவ்வொரு முறையும் அரசி அதை விழுங்கிவிட்டு, “சாப்பிட வா” என்று சொல்லிவிடுவாள்.

மைதானத்தில் பந்தல் போட்டுக் கேசரி கொடுத்தார்கள். ஒரு பக்கம் ஈரப் பலகை, அதன் முன்னால் நீண்ட வரிசை. மறுபக்கம் சேர்க்கை மேசை. அங்கே சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுப் பதினாறு வருடமாகப் பதிவேடு பார்ப்பவர். வெயினியின் பெயரை அழுத்தியதும் திரையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பாப்பாவுக்கு இருபத்தொரு வருஷம்னு வருதே.”

“பதினாலுதானே சார்? இருபதாவது கட்டடத்துக்குப் பதினாலு” என்றான் கதிரேசன்.

“அது சரிதாங்க. பதினெட்டாவது கட்டடத்துக்குப் பாதிப் பங்குன்னு மேற்கொண்டு ஏழு காட்டுது. அடித்தளத்துல பாப்பா கை இருக்காம்.”

கதிரேசனின் முகம் வெளுத்தது. அரசிக்கும் உடனே புரிந்துவிட்டது.

பதினெட்டாவது கட்டடத்துக்குக் கை பதித்த நாளில் வெயினி பத்து மாதக் குழந்தை. அப்பாவின் தோளில் இருந்தவள், ஈரப் பலகையைப் பார்த்துக் கைகொட்டினாள். கதிரேசன் தன் கைக்கும் அரசியின் கைக்கும் நடுவில் அந்தப் பிஞ்சுக் கையை மெல்ல வைத்து அழுத்தினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் படம்கூட எடுத்துக் கொடுத்தார். வேலைக்குப் போகும்போது அரசி தினமும் குனிந்து அந்தச் சின்னக் குழிகளைத் தொட்டுவிட்டுத்தான் படியேறுவாள்.

“அது விளையாட்டுக்கு வெச்சதுங்க. அவளுக்குப் பேச்சே வரல அப்ப” என்றான் கதிரேசன்.

“எனக்குத் தெரியுதுங்க. ஆனா சம்மதம் தர்ற உரிமை இங்க சேர்ந்தவங்களுக்குத்தானே? பாப்பா கை பதிச்சிருக்கு. அப்ப அன்னைக்கே சேர்ந்தாச்சுன்னு கணினி எடுத்துக்குது.” சவரிமுத்து குரலைத் தாழ்த்தினார். “மனு போடலாம். போன வருஷம் ஒருத்தர் போட்டார். மனுவைப் பார்க்கிற குழுவுக்கு உட்கார இடமில்லையாம். இருபதாவது கட்டடம் வந்ததும் பார்க்கிறதாச் சொல்லியிருக்காங்க.”

“சேராம விட்டா?” என்று அரசி கேட்டாள்.

கதிரேசன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தான்.

“சேரலன்னா ஒண்ணுமில்லம்மா. கை வெறும் கைதான். சாயந்தரத்துக்குள்ள வெளிய போயிடணும். வருஷத்துக்கு ஒரு நாள் உங்களைப் பார்க்க வரலாம்.” அவர் தயங்கினார். “ஆனா வெளிய பட்டம் இல்லாதவங்களுக்கு நிலைவாச அட்டை கிடையாது. ஆறு மாசம் ஒரு ஊரு, ஆறு மாசம் ஒரு ஊருன்னு கூலிக்கு அலையணும். இன்னொரு தடவை இங்க சேரவும் முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால வரிசை நிக்குது.”

மூவரும் பந்தல் காலடியில் ஒதுங்கி நின்றார்கள். கதிரேசன் தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான்தானே வெச்சு அழுத்தினேன்” என்றான்.

“நானும்தான் பக்கத்துல நின்னு சிரிச்சேன்” என்றாள் அரசி. அவன் கையைப் பிடித்து மூடினாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவன்மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை, இப்போதும் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வெயினிதான் முதலில் தேறினாள். “அப்பா, சும்மா இருங்க. படிப்பு அஞ்சு வருஷம், அப்புறம் இருபத்தொண்ணு. நாப்பத்தி நாலு வயசுல வெளிய வந்துடுவேன். அம்மாவைவிட ரெண்டு வயசுதான் கூட. கிழவியாவா ஆயிட்டாங்க?”

“பேச்சைப் பாரு” என்றான் கதிரேசன். சிரிக்க முயன்றது பாதியில் நின்றுபோனது.

“நடுவுல கைப்பதிவு வந்தா ரெண்டு ரெண்டாக் குறையும். கடல் எங்க போயிடப்போகுது? நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போய்க் கரையில வீடு பார்த்து வைங்க.”

அந்தக் குரலை அரசி கேட்டிருக்கிறாள். அது அவளுடைய குரல். பன்னிரண்டு என்று எண்ணியபோது அவளுக்கு இருந்த குரல். நடுவில் ஒருவன் வருவான், சிரிக்காமல் ஏதாவது சொல்வான். இருபத்தொன்று நாற்பதாகும். அவர்களுக்கு ஒரு குழந்தை பிறக்கும். இருபத்தைந்தாவது கட்டடத்துக்கு யாரோ கேசரி கிண்டுவார்கள்.

வெளியே அனுப்பினாலும் என்ன இருக்கிறது? தூத்துக்குடியில் கதிரேசனின் தங்கை, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வடிகட்டி கழுவுகிறாள். அவள் தயவில் ஒரு மூலை கிடைக்கலாம். தினமும் கடல் தெரியும். அதைப் பற்றி இந்தப் பெண்ணுக்கு யாரும் ஒரு வரி சொல்லித்தரப் போவதில்லை. மகள் கூலிக்காரியாக ஊர் ஊராக நடப்பாள். வருடத்தில் ஒரு நாள் கம்பிக்கதவருகே நின்று, இளைத்துப்போய், “நல்லாத்தான் இருக்கேன்” என்பாள். ஒருவேளை அம்மாவை என்றைக்கும் மன்னிக்கவும் மாட்டாள்.

இரண்டையும் அரசி எத்தனையோ காலைகளில், பாகுத்தண்ணீர் சுவரில் வழியும்போது, மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறாள். எந்தப் பக்கமும் வெளிச்சம் தெரிந்ததில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் சுவர் இல்லை.

“இளவெயினி, கடலியல்” என்று சவரிமுத்து கூப்பிட்டார்.

வெயினி சுடிதார் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மேசைக்கு நடந்தாள். பதிவுக் கண்ணாடி பச்சையாக எரிந்தது. அவள் கட்டை விரலை நீட்டியபோது அரசி ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தாள். வெல்லப்பாகு பிசுபிசுத்த கை. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“என்னம்மா?”

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“இப்பவா? விரலை வெச்சுட்டு வந்துடறேனே.”

“வெச்சுட்டா கேக்க முடியாது.”

கதிரேசன் பின்னால் வந்து நின்றான். அவன் தடுக்கவில்லை; அவள் தோளில் கை வைத்தான். வழித்துணைக்கு வந்தவனின் கை.

அரசி மகளின் முகத்தை ஒரு தரம் முழுசாகப் பார்த்துக்கொண்டாள்.

“நீ படிக்க வேண்டாம், கண்ணு” என்றாள்.