பூனை வளர்த்த வாத்துக்குஞ்சுகள்

அந்த வீட்டில் நாலு வாத்துக்குஞ்சுகளை வளர்த்தது பூனை.

பயப்பட வேண்டாம். பூனை என்பது பத்து வயதுப் பெண் ஒருத்தியின் பட்டப்பெயர். அவள் நடந்தால் சத்தம் வராது. பேச்சும் அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டால், கேட்டவர் அதை மறந்துபோன பிறகுதான் பதில் வரும். பெயரை வைத்தது அண்ணன்.

பூனையின் அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். சட்டை தைக்க வந்த வாத்துப்பண்ணைக்காரர், தாய் வாத்து அடைகாக்காமல் விட்டுவிட்டுப் போன நாலு முட்டைகளை ஒருநாள் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் ஓர் அட்டைப்பெட்டிக்குள் பல்பு மாட்டினான். அந்த அறையில் பிளக் பாயின்ட் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதனால் பெட்டி மெஷினுக்கு அடியிலேயே, அம்மா பெடல் மிதிக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது.

பூனை ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் பென்சிலால் போட்டாள். காலையில் வட்டம் மேலே, மாலையில் பெருக்கல் மேலே. இப்படி இருபத்தைந்து நாள் புரட்டினாள். பிறகு மூன்று நாள் தொடாமல் காத்திருந்தாள். நாலு முட்டையும் பொரிந்தன.

முதல் பத்து நாள் ஒரு தொல்லையும் இல்லை. குஞ்சுகள் தின்றன, தண்ணீரைக் கலக்கின, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கின.

பதினோராம் நாள், ஒரு திங்கட்கிழமை, கத்தத் தொடங்கின. சாதாரணக் கத்தல் இல்லை. நாலும் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, மூச்சுவிடாமல் கத்தின.

அதற்கு முந்தின இரவுதான் மாடி வீட்டு நர்ஸ் அக்காவுக்கு இரவு வேலை ஆரம்பித்திருந்தது. பகலில் அவர் தூங்க வேண்டும். அம்மா இரக்கப்பட்டு, பகலில் மெஷினை மூடிவைத்துவிட்டு பித்தான் தைப்பது, கொக்கி வைப்பது என்று கைவேலையாகப் பார்த்தார். மெஷின் வேலையெல்லாம் நர்ஸ் அக்கா கிளம்பிப் போன பிறகு, மாலை ஏழு மணிக்கு மேல். வீட்டில் எல்லாரும் கிசுகிசுத்தார்கள், நுனிக்காலில் நடந்தார்கள். பூனைக்கு அது பழக்கம்தான். அண்ணன்தான் இரண்டு முறை நாற்காலியில் இடித்துக்கொண்டான்.

வீடே வாயை மூடிக்கொண்டிருக்க, குஞ்சுகள் மட்டும் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தின.

பூனைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பசியா என்று தீனி வைத்தாள். தின்றுவிட்டுக் கத்தின. குளிரா என்று பல்பைத் தாழ்த்தினாள். வெக்கையா என்று உயர்த்தினாள். பெட்டிக்குப் புது வைக்கோல் போட்டாள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கால், இறக்கை, கண் எல்லாம் பார்த்தாள். எந்தக் குறையும் இல்லை. கைக்குள் கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு எதையோ தேடுவது போலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கும்.

எதைத் தேடுகின்றன? அது தெரியாமல் அவள் பெட்டிக்கு முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு குழப்பமும் இருந்தது. மாலையானால் நாலும் சொல்லிவைத்தாற்போல அமைதியாகிவிடும்.

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா ஏழு மணிக்கு வேலை முடிந்து வருவார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தீங்களா? நான் செருப்பைக் கழட்டினா போதும், கப்சிப்னு ஆயிடுதுங்க. குழந்தைங்கன்னா அப்பா மேல ஒரு மரியாதை இருக்கணும்” என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

புதன்கிழமை நர்ஸ் அக்கா படியிறங்கி வந்தார். கண்ணிரண்டும் சிவந்திருந்தன. மூன்று நாளாகத் தூக்கமே இல்லை என்றும், வார்டில் நின்றுகொண்டே கண்ணயர்ந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்றும் மெதுவாகச் சொன்னார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காரர் வந்து குஞ்சுகளை எடுத்துக்கொண்டு போவார் என்று அன்றைக்கே முடிவானது. அங்கே முந்நூறு வாத்துகள் இருக்கின்றன, கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்ந்துவிடும் என்று அம்மா சமாதானம் சொன்னார்.

முந்நூறில் நாலை எப்படிக் கண்டுபிடிப்பது? பூனைக்கு அதுதான் கவலை. குஞ்சுகளின் மேல் பென்சிலால் குறி போடவும் முடியாது.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தார். ஏழு மணிக்கு அப்பா வந்தார். செருப்பைக் கழற்றினார். குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன.

அப்பா மறுபடி செருப்பைப் போட்டுக் கழற்றிப் பார்த்தார். பெட்டிக்கு முன்னால் குந்தி, “என்னடா, நான்தான் வந்துட்டேனே” என்றார். நாலும் அவர் முகத்துக்கு நேராகவே கத்தின.

“மரியாதை போயிடுச்சுப்பா” என்றான் அண்ணன்.

பூனை சிரிக்கவில்லை. அவளுக்கு ஏதோ இடித்தது. அப்பா இருக்கிறார், பல்பு இருக்கிறது, தீனி இருக்கிறது. இன்றைக்கு இல்லாதது எது?

எட்டு மணிக்கு அம்மா வந்தார். அவசரமாகத் தர வேண்டிய பாவாடை ஒன்று பாக்கி இருந்தது. மெஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். கடகடகடவென்று சக்கரம் சுற்றியது.

நாலு கழுத்தும் ஒரே பக்கமாகத் திரும்பின. கத்தல் நின்றது.

பாபினில் நூல் தீர்ந்து அம்மா நிறுத்தினார். கத்தல் தொடங்கியது. நூலை மாற்றி மறுபடி மிதித்தார். நின்றது.

“அம்மா” என்றாள் பூனை. “நிறுத்துங்க.”

நிறுத்தினார். கத்தின.

“தைங்க.”

தைத்தார். நாலும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கண்ணை மூடின.

முட்டைக்குள் இருந்தபோதே அவை கேட்ட சத்தம் அது. பொரிந்த பிறகும் பத்து நாள் பகல் முழுக்க, தலைக்கு மேலேயே கேட்டுக்கொண்டிருந்த சத்தம். திடீரென்று ஒருநாள் அது காணாமல் போனால் யார்தான் தேட மாட்டார்கள்? யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்ட வீட்டில், அவை சத்தத்துக்காகத்தான் அழுதிருக்கின்றன.

அம்மா வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “கண்டுபிடிச்சு என்ன பண்றது? பகல்ல நான் மெஷினை ஓட்டினா மாடியில அந்த நர்ஸ் பொண்ணு எப்படித் தூங்கும்?”

அப்பா தன் செருப்பை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

பூனை படுத்துக்கொண்டு யோசித்தாள். மெஷின் சத்தம் வேண்டாம் என்று நர்ஸ் அக்கா எப்போது சொன்னார்? அம்மாவைக் கேட்டால், சொல்லவில்லை, நாமாகத்தான் நிறுத்தினோம் என்பார். அப்படியென்றால் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். ஆனால் கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டுமே.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அக்கா கைப்பையோடு வந்தார்.

“அக்கா” என்றாள் பூனை. அப்புறம் ஒரு நீண்ட மௌனம். அவருக்கு நிற்கவே தெம்பில்லை. ஆனாலும் நின்றார்.

“பகல்ல அம்மா மெஷின்ல தைக்கட்டுமா? உங்களுக்குத் தொந்தரவுன்னுதான் நிறுத்திட்டாங்க. அது இல்லாமத்தான் குஞ்சுங்க கத்துதுங்க.”

நர்ஸ் அக்கா பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்காகவா நிறுத்தினாங்க? உங்க அம்மாவுக்கு உடம்புதான் சரியில்லையோன்னு நினைச்சேன். நானே கேக்கணும்னு இருந்தேன்” என்றார். “லீவு நாள்ல மத்தியானம் அந்தக் கடகடா கேட்டுத்தான் எனக்குத் தூக்கமே வரும். மழை பெய்யுற மாதிரி இருக்கும். இந்தக் கீச்சுக் குரல்தான் ஆகலை. வார்டுல மணி அடிக்கிற மாதிரியே இருக்கா, நேத்து தூக்கத்துல எழுந்து செருப்பே மாட்டிக்கிட்டேன்.”

பூனைக்குச் சிரிப்பு வந்தது. நர்ஸ் அக்காவுக்கும் வந்தது. கூடவே கொட்டாவியும் வந்தது.

ஒன்பது மணிக்கு மெஷின் ஓடியது. பத்து நிமிடத்தில் பெட்டிக்குள் பேச்சுமூச்சு இல்லை. பண்ணைக்காரருக்கு அப்பாவே போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்றார். குஞ்சுகளுக்குத் தன்மேல் உள்ள மரியாதை வேறு கணக்கு, அதை மெஷினோடு சேர்க்கக் கூடாது என்றும் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அம்மா சாப்பிட எழுந்தார். எழும்போதே ஊசியிலிருந்து நூலை உருவிவிட்டு, பூனையைப் பார்த்துத் தலையசைத்தார். பூனை நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது. எட்டிய மட்டும் மிதித்தாள். கடகடகடவென்று அறை அதிர்ந்தது.

பிறந்ததிலிருந்து பூனை இவ்வளவு சத்தம் போட்டதே இல்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. கேட்க வேண்டியவர்கள் ஐந்து பேரும், பெட்டிக்குள் நாலு பேரும் மாடியில் ஒருவருமாக, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.