இரண்டு தட்டு

கண்காட்சிப் படங்களுக்கு அச்சகத்திலிருந்து வந்த தலைப்பு அட்டைகளில் இரண்டு ஒரே மாதிரி இருந்தன. இரண்டிலும் ஒரே சொல்: தட்டு.

"ஒண்ணு என்னுது. சாப்பாட்டுத் தட்டு," என்றார் ஏணிமேல் நின்ற புகைப்படக்காரர். குழுவுக்கே அவர் அண்ணன். "நீ ஏம்மா என் பொழைப்புல கை வைக்கறே?"

"என்னுது சுவரைத் தட்டற தட்டு, அண்ணே," என்றாள் ஓவியக்காரி.

"சேர்ந்து அடைஞ்சு கிடந்தா புத்தியும் சேர்ந்துதான் ஓடும்." நெசவுக்கார அக்கா தன் கம்பளத்தைப் பிரித்தபடி சிரித்தாள்.

மலைமேல் பழைய விடுதிக்குக் குழுவாக ஓவிய முகாம் போன இடத்தில் காய்ச்சல் பரவியது. பதினேழு நாள், ஆளுக்கொரு அறை. சாப்பாடு வாசலில் வரும். வெளியே தலைகாட்டக் கூடாது. அந்த நாட்கள்தான் இந்தக் கண்காட்சி. மாலை ஐந்து மணிக்குத் திறப்பு.

அண்ணனின் படத்தை அவள் இப்போதுதான் பார்த்தாள். அடைப்பு முடிந்த காலையில் எடுத்தது. மூன்று என்று எண்ணிட்ட மூடிய கதவு. வாசலில் மூடி திறக்காத தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, இடுப்புயரம். மேல் தட்டில் எறும்புச் சாரை.

"அக்கா, மூணு உங்க ரூம்தானே? நீங்க சாப்பிடவே இல்லையா?"

"யாரு, நானா? மூணு கிலோ ஏறி வந்தேன். முதல் ராத்திரியே கூரை ஒழுகிச்சு. விடிஞ்சதும் என்னைக் கீழே மாத்திட்டு அதைப் பூட்டிட்டாங்களே."

"சமையல்காரன் பழைய லிஸ்ட்டைப் பார்த்து வச்சுட்டே போயிருக்கான்," என்றார் அண்ணன். "பயந்தாங்கொள்ளி. வச்ச கையோட ஓடிடுவான்."

"அப்ப தினமும் என் சுவரைத் தட்டினது?"

"முதல் நாள் நான் தட்டினேன். அப்புறம் எலியா இருக்கும்," என்றாள் அக்கா. இருவரும் சாப்பிடப் போனார்கள்.

அவள் மட்டும் நின்றாள்.

முதல் நாள் அவளும் பக்கத்து அறை அக்காவும் பேசிக்கொண்ட ஏற்பாடு அது. மூன்று தட்டினால், நல்லா இருக்கியா. இரண்டு, நல்லா இருக்கேன். ஒன்று, முடியல, வா. நாள் தவறாமல் மாலையில் மூன்று தட்டு வந்தது. அவளும் தூரிகையைக் கீழே வைக்காமல் இடது கையால் இரண்டு தட்டினாள். அந்தத் துணையில்தான் இந்தப் படத்தையே வரைந்தாள்: தன் அறையின் சாம்பல் நிறச் சுவர், ஆளுயரத்துக்கு. பதினோராம் நாள் ஒரே ஒரு தட்டு வந்தது. அக்காவின் கை தெரியாமல் பட்டிருக்கும் என்று எண்ணி, வழக்கம்போல் இரண்டு தட்டிவிட்டு வண்ணம் குழைத்தாள். அதன் பிறகு சுவர் பேசவில்லை. நீ எப்படி இருக்கே என்று அவள் ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்க மூன்று தட்டுதான் செலவு.

கடவுளே, எலியாகவே இருக்கட்டும்.

மதிய வெயில் தரையில் கிடந்தது. கீழே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எங்கிருந்தோ புளித்த சோற்றின் வாடை மெல்ல வந்து, சாயத்தின் வாடையை மூடியது.

டக். டக். டக்.

அவள் படத்துக்குப் பின்னாலிருந்து. அந்தச் சுவருக்கு அப்பால் அறை இல்லை. இரண்டாம் மாடி. வெறும் வெளி.

பழக்கத்தில் கை இரண்டு தட்ட எழுந்தது. நிறுத்திக்கொண்டாள். ஓடியிருக்கலாம். கதவு பத்தடியில்தான் இருந்தது. இன்னொரு முறை கேட்காமல் போக அவளால் முடியவில்லை.

மூன்று தட்டினாள்.

கீழே ஒரு வண்டி கடந்து போனது.

பிறகு, ஒன்று.

திரைத்துணி புடைத்தது. நான்கு விரல்முட்டி. உள்ளிருந்து. மெல்ல விரிந்து உள்ளங்கையானது. அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள்.

அது பிடித்துக்கொண்டது.

இருட்டு. ஈரச் சுவர். ஒழுகும் கூரை. பக்கத்தில் யாரோ. மூச்சு இல்லை. பிடி மட்டும்.

சுவருக்கு அப்பால் கைதட்டல், கூட்டத்தின் சலசலப்பு. மணி ஐந்தாகியிருக்கும். அக்காவின் குரல் கிட்டத்தில் கேட்டது. "எங்க போனா இவ, திறப்பு நேரத்துல?"

அவள் கத்தினாள். குரல் வரவில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரு முறை தட்டினாள்.

பேச்சு நின்றது. அக்கா சிரித்தாள். "பாருங்க அண்ணே, எங்கேயோ ஒளிஞ்சு நின்னு விளையாடறா."

மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது.

டக். டக்.